தலைப்பிரசவத்துக்கு முன் என்ன வாங்கி வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கை ஏழு மாதமாக இருந்தபோது, கடையில் நின்றபடியே ஒரு பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினாள். எண்ணிப் பார்த்தேன், எழுபத்து நான்கு சாமான்கள். "அக்கா, இதெல்லாம் வேணுமா?" என்று கீழே ஒரு வரி. என் மகள் பிறப்பதற்கு முன்னால் நானும் அப்படி ஒரு பட்டியலோடு அலைந்தவள்தான். அதில் பாதி, பாக்கெட் பிரிக்காமலே அடுத்த தெருவில் பிறந்த குழந்தைக்குப் போனது. வேண்டிய நேரத்தில் எங்கள் வீட்டில் இல்லாமல் போனது பழைய பருத்தித் துணி. மருத்துவமனையிலிருந்து வந்த இரண்டாம் நாள் அடைமழை, கொடியில் போட்டது எதுவும் காயவில்லை, அப்பா கட்டியிருந்த வேட்டி போக மிச்சமிருந்த வேட்டிகளைக் கிழித்துக் கொடுத்தார்.

அன்று தங்கைக்கு எழுதியதோடு, பிறகு சித்தி மகள்களும் அலுவலகத் தோழிகளும் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். நான் ஈரோட்டுப் பக்கம். உங்கள் ஊரில் வழக்கம் கொஞ்சம் மாறலாம்.

எவ்வளவு நாளுக்குத் தேவையானதை வாங்கி வைக்க வேண்டும்?

முதல் நாற்பது நாளுக்கு. ஒரு வருடத்துக்கு வாங்கி அடுக்க நினைத்தால் பணமும் போகும், இடமும் போகும்.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. வளைகாப்பு முடித்து அம்மா வீட்டுக்கு வந்தால், குழந்தையோடு திரும்பிப் போவது மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ. ஆகவே நீங்கள் தயார் செய்ய வேண்டியது அம்மா வீட்டில் ஒரு அறையை மட்டும். புகுந்த வீட்டில் இப்போதே கட்டில், அலமாரி, வண்டி என்று வாங்கிப் போட்டால், நீங்கள் போய்ச் சேரும்போது அது தூசி படிந்து நிற்கும், குழந்தையோ வேறு அளவுக்கு வளர்ந்திருக்கும்.

"பிறக்கும் முன்னால் குழந்தைக்கு எதுவும் வாங்கக்கூடாது" என்கிறார் மாமியார். என்ன செய்வது?

சண்டை போடாதீர்கள். பிரசவத்தில் குழந்தைகள் நிறைய இறந்துபோன காலத்தில் வந்த பயம் அது. வாங்கி வைத்த சட்டையைப் பார்த்துப் பார்த்து அழுத தாய்மார்கள் அவர் தலைமுறையில் இருந்திருப்பார்கள்.

அந்த வழக்கத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. முதல் துணி பழையதாக இருக்க வேண்டும், நன்றாக வளர்ந்த ஒரு பிள்ளை போட்டதாக இருந்தால் விசேஷம் என்பார்கள். அதனால் பழையதைச் சேகரிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. உங்களுக்கு வேண்டிய நைட்டி, பேட், தெர்மாமீட்டர் எல்லாம் குழந்தைச் சாமான் கணக்கில் வராது. மீதியை எந்தக் கடை, என்ன அளவு, எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். குழந்தை பிறந்த அன்று மாலை அரை மணி நேரத்தில் வாங்கிவிடலாம்.  கடை எங்கும் ஓடிப்போகாது.

எப்போது தயாராக இருக்க வேண்டும்?

ஏழாம் மாதம் முடிந்ததும் துணி துவைக்க ஆரம்பியுங்கள். மருத்துவமனைக்கான பை 36-வது வாரத்துக்குள் கட்டியாகிவிட வேண்டும். தேதி கொடுத்த நாளில்தான் வலி வரும் என்று நம்பி இருக்காதீர்கள்.

துணி எவ்வளவு வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

பால் குடிக்கத் தொடங்கி ஐந்தாறு நாள் ஆன குழந்தை ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு தடவை சிறுநீர் போக வேண்டும். பால் போதுகிறதா என்று பார்க்க மருத்துவர்கள் கேட்கும் முதல் கணக்கு அதுதான். ஆறு என்பது குறைந்தபட்சம். துணி கட்டும்போது நனைந்த உடனே தெரிந்துவிடும் என்பதால், என் மகளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து முதல் இருபது துணி மாற்றினோம். மழைக்காலத்தில் துணி காய இரண்டு நாள் ஆகும் என்றால் நாற்பது துண்டு கையில் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் இருபத்தைந்து போதும்.

இந்த நாற்பதையும் கடையில் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் பழைய வேட்டிகளும் பழைய பருத்திச் சேலைகளும் இருந்தால் முடிந்தது. வேட்டி இடுப்புத் துணிக்கு, சேலை விரிக்கவும் போர்த்தவும் தூளி கட்டவும். இருபது முப்பது தடவை துவைத்த பருத்தி அளவுக்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும் மென்மையான துணியை எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை. சில்க் காட்டன், பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், ஈரம் இழுக்காது. ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். ஓரத்தில் தொங்கும் நூலையும் கத்தரித்துவிட வேண்டும், குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் இறுகிவிடும்.

சின்ன வயிறுதானே என்று கைக்குட்டை அளவில் கிழிக்காதீர்கள். முக்கால் மீட்டர் சதுரம் முக்கோணமாக மடிக்கச் சரியாக இருக்கும். தொப்புள்கொடி காய்ந்து விழும்வரை துணியைத் தொப்புளுக்குக் கீழே கட்ட வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் அது தானாக விழுந்துவிடும். அதில் பவுடர், எண்ணெய், சாம்பல் எதுவும் வைக்க வேண்டாம். காய்ந்தபடி இருந்தால் போதும்.

அம்மா பீரோவில் பழைய சேலை நிறைய இருக்கிறது. எடுத்து அப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது. பீரோவில் பாச்சை உருண்டை போட்டிருப்பார்கள், அந்த வாசனை சேலையில் ஏறியிருக்கும். அது நாப்தலின். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக இருக்கும், அது வெளியே தெரியாது. அப்படிப்பட்ட பச்சைக் குழந்தை நாப்தலின் ஏறிய துணியில் படுத்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகலாம். எங்கள் குழந்தை மருத்துவர் இதைச் சொன்ன பிறகுதான், அம்மா நாற்பது வருடமாகச் செய்துவந்த வேலையை அந்த ஒரு பீரோவில் நிறுத்தினார்.

சேலையை எடுத்து இரண்டு மூன்று தடவை துவைத்து, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். முகர்ந்தால் வாசனை சுத்தமாகப் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் அது தரை துடைக்கத்தான். துவைத்து மடித்ததை மறுபடி அதே பீரோவில் வைத்துவிடாதீர்கள், துணிப்பையில் கட்டித் தனியாக வையுங்கள். கடையில் வாங்கிய புதுத் துணியையும் ஒரு தடவை துவைக்காமல் போடக்கூடாது, அதில் கஞ்சியும் சாயமும் இருக்கும்.

டயப்பர் வாங்கவே வேண்டாமா?

வாங்குங்கள், ஒரே ஒரு சின்ன பாக்கெட். மருத்துவமனையிலிருந்து வீடு வரும் வழிக்கும், தடுப்பூசிக்குப் போகும் நாளுக்கும், இரவில் தூங்கவும் தேவைப்படும். சிசேரியன் என்றால் முதல் வாரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

பிறந்த குழந்தை அளவு டயப்பரில் 5 கிலோ வரை என்று போட்டிருக்கும். நம் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டரையிலிருந்து மூன்றரை கிலோவுக்குள் பிறக்கின்றன. முதல் வாரத்தில் எடை கொஞ்சம் குறையும், பயப்பட வேண்டாம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு வளர்கிற வேகத்தில் இரண்டு இரண்டரை மாதத்தில் அந்த அளவு பற்றாது. தள்ளுபடி என்று ஐந்து பெரிய பாக்கெட் வாங்கினேன், மூன்றைத் தானம் செய்தேன். கம்பெனிக்குக் கம்பெனி வெட்டு வேறு. தொடையில் சிவந்துபோனால் மாற்ற வேண்டும், அதற்காகவும் ஒரு பாக்கெட்டோடு நிறுத்துங்கள்.

சட்டை, ஜப்லா எத்தனை?

முன்பக்கம் திறந்து முடிச்சுப் போடும் பருத்தி ஜப்லா எட்டு. தலை வழியாக மாட்டும் பனியன் முதல் மாதம் வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தைக்கு அதை மாட்டுவதற்குள் உங்களுக்கு வேர்த்துவிடும். தொப்பி இரண்டு, காலுறை இரண்டு ஜோடி. கையுறை பிறகு பார்த்துக்கொள்ளலாம், நகத்தை வெட்டிவிட்டால் அது தேவைப்படாது.

திருப்பூர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய குழந்தைத் துணி நல்ல பருத்தியில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் போட்டிருக்கும் மாதக் கணக்கு வெளிநாட்டுக் குழந்தைக்கானது, நம் குழந்தைக்கு ஒரு அளவு தாராளமாகவே இருக்கும். நிறம் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. ஆணா பெண்ணா என்று முன்கூட்டிச் சொல்வது 1994-ம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். வெள்ளையும் மஞ்சளும் வாங்கினால் யாருக்கும் பொருந்தும்.

பால் பவுடரும் பாட்டிலும் ஒரு பாதுகாப்புக்கு வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். வீட்டில் டப்பா இருந்தால், குழந்தை இரண்டாம் நாள் இரவு விடாமல் அழும்போது யாராவது ஒருவர் அதைத் திறந்துவிடுவார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, சில ஸ்பூன் அளவே இருக்கும். குழந்தையின் வயிறும் அப்போது சுண்டைக்காய் அளவைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான், அதற்கு அது போதும். பால் கட்டிக்கொண்டு வர மூன்று நான்கு நாள் ஆகலாம், சிசேரியனில் இன்னும் ஒரு நாள் தள்ளலாம். "பாலே இல்லை" என்று வீட்டில் சொல்வது இந்த இடைவெளியில்தான். அடிக்கடி மார்பில் போட்டால்தான் பால் ஊறும். பவுடர் கொடுத்தால் குழந்தை தூங்கிவிடும், ஊறுவது இன்னும் தள்ளிப்போகும்.

பால் பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வது இந்தியாவில் தடை. 1992-ல் வந்த சட்டம், 2003-ல் இன்னும் கடுமையாக்கினார்கள். அப்படியிருந்தும் நான் போன மருத்துவமனை கொடுத்த சாமான் பட்டியலில் ஒரு டப்பா பால் பவுடர் இருந்தது. எதற்கு என்று கேட்டதும் பேனாவால் அடித்துவிட்டார்கள். நீங்களும் கேளுங்கள்.

மருத்துவக் காரணத்துக்காகக் குழந்தை மருத்துவரே பவுடர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் கொடுக்க வேண்டும், அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. அப்போதும் பாட்டில் வேண்டாம், பால் புகட்டும் பாலாடை போதும். எவர்சில்வரில் ஒன்று வாங்கி வையுங்கள். கொதிநீரில் போட்டு எடுக்க அதைவிட எளிதான சாமான் கிடையாது. தாய்ப்பாலைப் பிழிந்து கொடுக்க நேர்ந்தாலும் அதே பாலாடைதான்.

பிரெஸ்ட் பம்ப்?

இப்போது வேண்டாம். வேலைக்குத் திரும்பும் மாதத்தில் யோசிக்கலாம். பிழிந்த பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊரில் மே மாதச் சமையலறைக்கு அந்தக் கணக்கு செல்லாது, உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

பிறந்ததும் நாக்கில் தொட்டுச் சேனை வைக்கத் தேன், உரைமருந்து, கிரைப் வாட்டர் எல்லாம் பாட்டி தயாராக வைத்திருக்கிறார். கொடுக்கலாமா?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம், எந்த வெயிலாக இருந்தாலும்.

தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். குழந்தை துவண்டு போய் மூச்சுவிடவே சிரமப்படும். சேனை யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம் நம்பிக்கை. எங்கள் வீட்டில் என் தாத்தாதான் வைப்பதாக இருந்தது. பாவம், ஆசையோடு மருத்துவமனைக்கு வந்துவிட்டார். முதல் பாலைக் குழந்தை குடித்த பிறகு அவர் மடியில் வைத்து, நெற்றியில் விரலால் தொட்டு ஆசீர்வாதம் செய்யச் சொன்னோம். அதற்குப் பிறகு இன்றுவரை என் மகளின் பிடிவாதத்துக்குத் தாத்தாவைத்தான் எல்லாரும் காரணம் சொல்கிறார்கள். வாயில் எதுவும் வைக்காமலே குணம் போய்ச் சேர்ந்திருக்கிறது!

வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு சேர்ந்த உரைமருந்து இப்போது பெட்டியாகவே விற்கிறது. கல்லில் உரைக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று யாருக்கும் அளவு தெரியாது, கல் சுத்தமா என்பதும் தெரியாது. நான் கொடுக்கவில்லை. வசம்பு வளையலையும் கழற்றிவிட்டேன், இரண்டு மாதத்தில் கை வாய்க்குப் போக ஆரம்பித்துவிடும்.

பவுடர், லோஷன், எண்ணெய், சோப்பு எல்லாம் சேர்ந்த பரிசுப் பெட்டி வாங்கலாமா?

ஒரு மிதமான சோப்பு, வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெய். போதும். பவுடர் வேண்டாம், தூள் மூச்சில் போகும், தொடை இடுக்கில் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகும். கண்மையில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. திருஷ்டிக்கு வைத்தே ஆக வேண்டும் என்றால் பாதத்தில் ஒரு பொட்டு, அதுவும் அவ்வப்போது துடைத்துவிட்டு.

முதல் குளியல் பிறந்து 24 மணி நேரம் கழித்துத்தான். குளிப்பாட்ட வருகிற பாட்டியிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். காலில் படுக்கவைத்துக் குளிப்பாட்டுவதில் அவருக்கு இருக்கும் கைப்பழக்கம் நமக்கு வராது, அதை மதிக்க வேண்டும். ஆனால் மூக்கில் ஊதுவது, காதில் மூக்கில் எண்ணெய் விடுவது, மூடிய அறையில் சாம்பிராணிப் புகை, இந்த மூன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அம்மா சொன்னால் அவர் கேட்பார். நாம் சொன்னால் "நீயே இந்தக் காலில் குளிச்சவதான்" என்பார்.

தொட்டில், படுக்கை, தலையணை?

மரத் தொட்டிலுக்கு அவசரம் இல்லை. மாமன் சீராக வரும் வீடுகளில் அது தானாக வந்துவிடும். குடைமாதிரி விரியும் கொசுவலை ஒன்று கட்டாயம் வாங்குங்கள். டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும், பகலிலும் வலைக்குள்தான் குழந்தை தூங்க வேண்டும். கொசுவத்திச் சுருள் அந்த அறைக்குள் வரவே கூடாது. கீழே விரிக்க உடனே உலரும் ஷீட் இரண்டு, ஒன்று நனைந்தால் ஒன்று.

தலையணை வேண்டாம், கடுகுத் தலையணையும் சேர்த்துத்தான். தலை உருண்டையாக வரும் என்று எல்லாரும் வாங்கச் சொல்வார்கள். குழந்தையைச் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்பதுதான் பாதுகாப்பு. முகத்துக்குப் பக்கத்தில் தலையணை, பொம்மை, தடித்த போர்வை எதுவும் இருக்கக்கூடாது.

தூளியில் தூங்காத தமிழ்க் குழந்தை உண்டா, என் மகளும் தூங்கினாள். ஆனால் முதல் சில வாரம் தாடை நெஞ்சில் இடிக்கிற மாதிரி மடிந்து படுத்தால் மூச்சு அடைபடலாம், அதனால் யாராவது பக்கத்தில் விழித்திருக்கும்போது மட்டும் போட்டோம். நீளமான தொட்டில் கம்பு வைத்து வாயை விரித்து வைப்பது நல்லது. கொக்கியை, உத்தரத்தை, சேலையின் நைந்த இடத்தைப் பெரியவர் ஒருவர் இழுத்துப் பார்க்க வேண்டும். குழந்தை தூளியில் இல்லாத நேரம் சேலையை அவிழ்த்து மேலே போட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும் பெரிய பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய செய்திகள் பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

மருந்துப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

டிஜிட்டல் தெர்மாமீட்டர், குழந்தைக்கான நகவெட்டி, சுத்தமான பஞ்சு, மருத்துவரின் எண். பெட்டியே தேவையில்லை, டம்ளர் போதும்.

காய்ச்சல் மருந்து வாங்கி வைத்தால்தான் ஆபத்து. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் மருந்து கொடுத்துப் பார்க்கும் வேலையே இல்லை, நேராக மருத்துவமனைக்குத்தான். பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும் அப்படியே. வைட்டமின் டி சொட்டு மருந்தை மருத்துவரே எழுதிக் கொடுப்பார், வழக்கமாக ஒரு நாளைக்கு 400 ஐ.யூ. சொட்டு அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எத்தனை சொட்டு என்று பாட்டில் மேலேயே எழுதி வாங்குங்கள்.

தாய்க்கு என்ன வேண்டும்?

இதை யாரும் கேட்பதில்லை, நான்தான் சேர்த்தேன். குழந்தைக்கு எழுபது சாமான் பட்டியல் போடுபவர்கள் தாய்க்கு ஒரு லேகியத்தோடு முடித்துவிடுகிறார்கள்.

பிரசவத்துக்குப் பிறகான பெரிய பேட் மூன்று பாக்கெட். ரத்தப்போக்கு நான்கைந்து வாரம் வரை இருக்கும், போகப்போகக் குறையும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும், இதைக் கூட இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். முன்பக்கம் ஜிப் வைத்த பருத்தி நைட்டி ஐந்து. மார்பில் பால் கசியும், பழைய பருத்தித் துணியை நான்காக மடித்து வைத்துக்கொண்டால் போதும். உள்ளாடை எல்லாம் ஒரு அளவு பெரிது. ஒரு நல்ல ஃபிளாஸ்க், இரவு மூன்று மணிக்கு வெந்நீருக்காக அம்மாவை எழுப்ப வேண்டியிருக்காது. முதுகுக்கு வைக்க இரண்டு தலையணை. இந்த அறையில் தலையணை உங்களுக்குத்தான்.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைப் பிரசவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை பிறகும் 180 நாள் சாப்பிடச் சொல்கிறார்கள்.

சமையலறையில்?

பூண்டு இரண்டு கிலோ, சுக்கு, மிளகு, நல்லெண்ணெய். முருங்கைமரம் வீட்டில் இல்லாவிட்டால் யார் வீட்டில் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்குப் பால்சுறாவுக்கு மீன்காரரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். தையல் போட்ட பெண்ணுக்கு மலச்சிக்கல் வந்தால் என்னாகும் என்பதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அரசு மருத்துவமனையில் பிரசவம். அங்கே என்ன கிடைக்கும்?

சிசேரியன் உட்பட எல்லாம் இலவசம். தாய்க்கும் குழந்தைக்கும் 16 பொருட்கள் கொண்ட பெட்டகம் கொடுக்கும் திட்டம் 2015-ல் வந்தது. துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று அதில் இருந்தன. உங்கள் மருத்துவமனையில் இப்போது என்ன தருகிறார்கள் என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுவிட்டு மற்றதை வாங்குங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும், மீதி 4,000 நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, டானிக் வைத்த இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. இதற்குக் கர்ப்பத்தை ஆரம்பத்திலேயே பதிவு செய்திருக்க வேண்டும். பிரசவம் முடிந்து வீடு திரும்ப 102 வண்டி இலவசமாக வரும். வலி எடுத்தால் 108.

என்னென்ன காகிதம் தயாராக இருக்க வேண்டும்?

எந்தச் சாமானைவிடவும் இதுதான் முக்கியம் என்பேன். கர்ப்பம் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண், தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் வேண்டும். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கும். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இருவர் ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், காப்பீட்டு அட்டை. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல், ஒரே பிளாஸ்டிக் கவரில்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். தாய் தந்தை பெயரின் எழுத்துகள் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கின்றனவா என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன் எழுத்துக்கூட்டிப் பாருங்கள். என் கணவர் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனது. அதைத் திருத்த நான்கு தடவை நடந்தோம். குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதனால் ஜாதகம் பார்க்க நேரம் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், ஓட்டு எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம், அலட்சியம் வேண்டாம்.

முதல் தடுப்பூசிகள் மருத்துவமனையிலேயே போட்டுவிடுவார்கள்: பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி. அட்டையில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது ஆறாவது வாரம்.

பார்க்க வருகிறவர்கள் என்ன வாங்கட்டும் என்று கேட்கிறார்கள்.

வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெல்வெட் கவுனும் பேட்டரி பொம்மையும் வரும். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரைக்கான பருத்தித் துணி, அல்லது எம் சைஸ் டயப்பர். நெருங்கியவர்களிடம் நான் கேட்டது வேறு: "ரெண்டு நாள் வந்து துணி துவைச்சுக் குடுங்க அத்தை." அத்தை நான்கு நாள் இருந்தார். அந்த வருடம் வந்த சீரிலேயே பெரிய சீர் அதுதான்.

குழந்தையின் அப்பா என்ன செய்யலாம்?

மருத்துவமனைக்கு எந்த வழி, இரவு எந்தக் கதவு திறந்திருக்கும் என்று ஒரு தடவை போய்ப் பார்த்து வரலாம். தன் ரத்த வகையையும் மனைவியுடையதையும் போனில் எழுதி வைக்கலாம். பை எந்த அறையில் இருக்கிறது என்று அவருக்கும், இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். வலியோடு காரில் உட்கார்ந்து "பரணுக்குக் கீழே, நீலப் பை" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

வாங்கவே வேண்டாம் என்று எதைச் சொல்வீர்கள்?

வாக்கர். உட்காரவைத்தால் குழந்தை வேகமாக உருண்டுபோகும், படிக்கட்டோ அடுப்போ தெரியாது. கனடாவில் 2004-லிருந்து விற்கவே தடை. நடை சீக்கிரம் வரும் என்பதும் உண்மை இல்லை. அப்புறம் ஷூ, பெர்ஃப்யூம், பாட்டில் சூடாக்கும் மெஷின், குழந்தைக்கென்று தனி சலவைத்தூள், பெயர் எழுதிய மெத்தை.

மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்குப் போகும்போது?

அப்போது குழந்தை கவிழ்ந்து படுக்க எத்தனிக்கும். கட்டில் ஓரம் ஆபத்து, தரையில் ஒரு மெத்தை போடச் சொல்லுங்கள். அங்கே கொசு அதிகமா, குளியலறையில் வெந்நீர் வருமா, துணி காயப்போட வெயில் விழுகிறதா என்று மாமியாரிடமே போனில் கேட்டு, அதன்படி வாங்குங்கள். எந்தக் கம்பெனி டயப்பர் ஒத்துக்கொள்கிறது, எந்தத் துணியில் குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்பதெல்லாம் அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். நைந்துபோன அந்த வேட்டித் துண்டுகளில் பத்தை மட்டும் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் முதல் இரவு, பழகிய வாசனை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.